நூற்று முப்பது

எடை பார்ப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னால் எல்லோரும் கழற்றிவிடுவார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னால்தான் முகம் சுருங்கும். பெல்ட் மிஞ்சிப் போனால் இருநூறு கிராம் இருக்கும். ஆனால் நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கு அந்த இருநூறு கிராமில்தான் மானமே இருக்கிறது. பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். ஒருவரையும் நான் கடிந்து பேசியதில்லை. எங்கள் பயிற்சிக் கூடத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூடம் மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. நான்கு டிரெட்மில், ஓர் எடைப் பொறி, மாத்திரைக் குப்பிகள் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ். நான்தான் பொறுப்பு. இந்த முறை நடந்த ஆய்வு பருமனானவர்களின் இதயத்தைப் பற்றியது. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி, தினமும் ஓர் எண்ணெய்க் குளிகை. பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் சமையல் எண்ணெய். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். பயிற்சியில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று முப்பதைத் தொட்டு, பத்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். எட்டாவது வாரம் முடிவதற்குள் ஒரு தடவையாவது அப்படி நிற்காதவர்களை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள்.

நான் செய்த குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குப்பியை மாற்றினேன். குளிகையைக் கடித்தால் மீன் வாடை காட்டிக் கொடுத்துவிடும். என் தம்பியின் குப்பியில் வாடை இல்லை. அவனுக்கு நல்லதைக் கொடுத்தேன், இன்னொருவருக்கு அவனுடையதைக் கொடுத்தேன். இதனால் ஆய்வின் முடிவு கெட்டுப் போயிருக்கும். அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆமாம், என் தம்பிதான். பயிற்சிப் பொறுப்பாளரின் உறவினர் சேரக் கூடாது என்று விதி இருக்கிறது. இதயத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் சேரக் கூடாது. இரண்டிலும் அவன் மாட்டுவான். படிவத்தை நிரப்பியது நான் என்பதால் எதிலும் மாட்டவில்லை.

அவன் சாவி செய்பவன். கூடத்தில் எல்லோருக்கும் அவன் சாவிக்காரர்தான். அலமாரி அளவு கடைக்குள் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். "நான் செத்தா கடையைத்தான் பிரிச்சு எடுக்கணும்" என்று அவனே கிண்டல் செய்வான். வயது நாற்பத்தொன்று, எடை நூற்று முப்பத்தாறு. அப்பா நாற்பத்து நான்கில் சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்தார். அன்றிலிருந்து நான் தம்பியின் வயதை விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. எனக்கு அவன் என்றால் உயிர்.

போன வருடம் அவனுக்கு மார்வலி வந்தது. ஐந்து வகை மாத்திரை கொடுத்தார்கள். அவன் மனைவிக்கு எதை எப்போது கொடுப்பது என்று குழப்பம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போய், ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டியை நிரப்பிவிட்டு வருவேன். அவன் ஓர் அறையை அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்து, ஒரே மடக்கில் விழுங்குவான். "ஒரு தடவை பாத்துட்டுதான் போடேன்" என்றால், "அக்கா வெச்சா சரியாத்தான் இருக்கும்" என்பான்.

அந்த ஐந்தில் சின்னதாக, வெள்ளையாக இருப்பது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர் எவ்வளவு ஓடினாலும் நாடி ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவர்களுக்கு இலக்கைக் குறைத்து வைக்க வேண்டும். இது என் வேலையின் அரிச்சுவடி. ஆனால் அவன் படிவத்தில் மாத்திரையே இல்லையே, எப்படிக் குறைப்பது? ஆறு வாரம் உயிரைக் கொடுத்து நடந்தான். நூற்றெட்டுக்கு மேல் போகவில்லை.

ஆனாலும் ஒன்பது கிலோ குறைந்திருந்தான். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, தன் ஷூ கயிற்றைத் தானே கட்டினான். "அக்கா, இங்க பாரு" என்று கூப்பிட்டுக் காட்டினான். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் தலைமை மருத்துவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சாவிக்காரர் ஒரு நாள் கூட தொடலையே. இன்னும் ரெண்டு வாரம் பாருங்க, இல்லேன்னா எடுத்துடலாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆய்வை விட்டு வெளியே வந்தால் தம்பி மறுநாளே பழையபடி ஆகிவிடுவான் என்று எனக்குத் தெரியும். தானாக ஒரு மாடிப்படி ஏற மாட்டான். அவனை அப்பாவிடம் அனுப்பிவைப்பதா, அல்லது ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துவிடுவதா? நீங்களாக இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு அறைகளிலும் வெள்ளை மாத்திரை வைக்கவில்லை. உள்ளங்கையில் எண்ணிக்கை குறையாமல் இருக்க, அந்த இடத்தில் ஒரு மீன் எண்ணெய்க் குளிகையைச் சேர்த்தேன். அதுவும் இதயத்துக்கு நல்லதுதானே. மாத்திரை அட்டையின் பின்பக்கம், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அச்சடித்திருந்தது. படித்தேன். படிக்காமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மறு வாரம் நாடி நூற்றுப் பதினெட்டு. அந்த ஞாயிறும் பெட்டியை அப்படியேதான் நிரப்பினேன். அடுத்த திங்கட்கிழமை நூற்று இருபத்து நான்கு. என் கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தம்பி மட்டும் பயிற்சி முடிந்ததும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மார் மேல ஏதோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"பழைய கொழுப்பு கரையுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மருத்துவத்தில் அப்படி ஒன்று கிடையாது. அவன் தலையாட்டினான். அன்றைய தாளில், குறை எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை. அதுதான் அவனுடைய கடைசித் தவணை. டிரெட்மில்லில் நடப்பவரை ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். மூச்சு முட்டாமல் சொன்னால் தொடரலாம், சொல்ல முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அன்று நான் அவனிடம் கேட்கவில்லை. பக்கத்துப் பொறியில் நடந்துகொண்டிருந்த டீச்சரம்மாதான், "அவரு மூஞ்சியே வெளுத்துப் போச்சு, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்றார். நல்ல மனசுக்காரர். அவரால் பேச முடியாத அளவுக்கு அவருடைய வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

தம்பியின் நாடி நூற்று முப்பதைத் தொட்டது. நான் கடிகாரத்தை அழுத்தினேன். ஆறு நிமிடம் நன்றாகப் போனது. ஏழாவது நிமிடத்தில் இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"போதும்க்கா. நிறுத்திடு."

"இன்னும் மூணு நிமிஷம்தான்டா."

"முடியலக்கா."

அடக்கம் முடிந்த பிறகு தம்பி மனைவி என்னிடம், "அண்ணி, அவரு கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போனான் என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் அதை மாற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. அது ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

டிரெட்மில்லின் கைப்பிடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். முதல் நாளே எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். தம்பியும் அதைத் தேடித்தான் கையை நீட்டினான். என் உள்ளங்கை அதன் மேல் இருந்தது. நான் அழுத்தவில்லை. அவன் அழுத்திவிடாமல் மூடி வைத்திருந்தேன். அவன் விரல்கள் என் விரல்களுக்கு நடுவே நுழையப் பார்த்தன. குளிர்ந்து போயிருந்தன. சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பது போலத்தான் பிடித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவது நிமிடம் முடிந்ததும் நானே நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை, விழுந்தான்.

தாளில் இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூற்று முப்பது, பத்து நிமிடம் முழுதாக. எட்டாவது வாரம் முடிவதற்கு முன்பே தொட்டுவிட்டான். விதிப்படி இனி அவனை யாரும் ஆய்விலிருந்து எடுக்க முடியாது.