சர்க்கரை சேர்க்காத பாட்டில்

கதவிடுக்கில் துண்டு விளம்பரம் செருகிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஐயா. அது அவர்கள் வயிற்றுப்பிழைப்பு. அதில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கொட்டை எழுத்தில் 'இலவசம்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்து, அடியில் எறும்பு சைசில் நிபந்தனைகளைப் போடுவார்கள். அந்த எறும்புகளோடுதான் என் பிழைப்பு.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பை அறவே விட்டுவிட்டாள். ஆனால் சர்க்கரை சேர்க்காத குளிர்பானம் ஒன்று வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஏமாத்து வேலை," என்றேன்.

"டாக்டரே குடிக்கலாம்னுட்டார். உங்களுக்கு என்னங்க வயித்தெரிச்சல்?"

அவள் தம்பி அப்போது வந்திருந்தான். "விடுக்கா. கடவுளே வரம் குடுத்தாலும் அத்தான் பக்கத்துல நட்சத்திரம் இருக்கான்னுதான் பாப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் சொல்வதைவிட, பாட்டிலில் ஒட்டிய தாள் அவளுக்குப் பெரிதாகப் போயிற்று. அதை நிரூபித்துக் காட்ட நினைத்தேன். வேறொன்றுமில்லை.

அவள் விரல்கள் மரத்துப்போனதிலிருந்து மூடி திறந்து ஊற்றிக் கொடுப்பது நான்தான். அதே கம்பெனியின் சர்க்கரை போட்ட பானத்துக்கு இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். வாங்கிவந்து பரணில் வைத்தேன். அவள் பாட்டிலில் முதலில் கொஞ்சம் கலந்தேன். பிறகு பாதி. நாக்கு எதற்கும் பழகிவிடும், ஐயா. கடைசியில் முழுக்க அதுதான்.

சர்க்கரை ஏறியது. டாக்டர் கடிந்துகொண்டார். இனிப்பைத் தொடவே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். மாத்திரையைச் சந்தேகப்பட்டாள், சாப்பாட்டைக் குறைத்தாள். பாட்டிலின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

காலில் புண் வந்தது. ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. வீட்டுக்கு வந்ததும், "தாகமா இருக்குங்க," என்றாள். ஊற்றிக் கொடுத்தேன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கலப்பதை நிறுத்தி அசல் பானத்தைக் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். அவளும் பாட்டிலுமாகச் சேர்ந்து சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

ஒரு மாலை டம்ளரைத் தள்ளி வைத்தாள். மூச்சு வாங்கியது. "நீங்க சொன்னதுதாங்க சரி. இது எனக்கு ஆகல."

அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட நான் கொடுக்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டு, வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடிந்தபோது அது சில்லிட்டிருந்தது.

துக்கத்துக்கு வந்த தம்பி, பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடிவந்தான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கலந்தது நான்தான்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தையை அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், அன்றைக்கே விட்டிருப்பேன். பிடிவாதம் பிடித்தது அவள்தான், ஐயா.