ஒரே ஜீப்பில் வந்த மூன்று பேர்

ஐப்பசி மழை விட்டிருந்த காலை. காஞ்சிபுரம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

“மூணு ஆபீசருங்களும் ஒரே ஜீப்புல வந்து எறங்குனாங்கக்கா!”

நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“எந்த மூணு பேருடி?”

“நம்ம தெரு முனையில தண்ணி தேங்குமில்ல, அதுக்குத்தான். நேஷனல் ஹைவேஸ்காரரு, ஸ்டேட் ஹைவேஸ்காரரு, நம்ம பஞ்சாயத்து செகரெட்டரி.”

“இத்தினி வருசமா ஒருத்தர ஒருத்தர் கை காட்டிக்கினு இருந்தாங்களே!”

“இருந்தாங்க. போன மாசம் வந்து ஒரே டேப்ப வச்சி அளந்தாங்க. நேஷனல்காரரு ஒரு முனை, செகரெட்டரி சேத்துல எறங்கி மறு முனை. நடுவுல தொய்யாம ஸ்டேட்டுக்காரரு தூக்கிப் புடிச்சிக்கினாரு. மூணு பேரும் தனித்தனியா வெட்டுன கால்வாய் மூணு மட்டத்துல இருந்துச்சாம். இப்போ ஏரி வரைக்கும் ஒரே சரிவா வெட்டிட்டாங்க.”

மூத்தவர் லேசில் நம்புகிற ஆளில்லை.

“உங்க வூட்டு தறிக்குழி எப்படி இருக்குது? ஐப்பசி வந்தா கெணறு மாதிரி ஊறுமே. தை வரைக்கும் நெசவே கெடையாதே.”

“நேத்து அம்மாம் மழையில எறங்கிப் பாத்தேன். கால்ல ஈரம் ஒட்டல.”

“ஒரு மழைய வச்சி சொல்லாதடி. கார்த்திகை மழை பாக்கி இருக்குது.”

“இருக்கட்டும்கா. காலையில தறியில புதுப் பாவு ஏத்திட்டுத்தான் பஸ் ஏறுனேன்.”