கடைசி வீட்டில் நான்கு பேர்

இரவு பதினொன்றரை. ஊரைத் தாண்டி, வற்றிய ஏரிக்குப் போகும் மண் சாலை. ஒற்றை ஆள்... கையில் ஒரு பூட்டு.

திருடன் இல்லை ஐயா. திருடன் பூட்டை உடைப்பான், இவர் மாட்டப் போகிறார். நம் தையற்காரர் இருக்கிறாரே, அவருடைய அக்கா புருஷன். பள்ளிக்கூட வாத்தியார். அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஊர் என்ன பெரிய ஊர்? வடக்கே மொட்டைக் குன்று, தெற்கே ஏரி, நடுவே பஸ் திரும்ப இடமில்லாத ஒரு கடைத்தெரு. ஐயாயிரம் பேர் தேறினால் நகரமாக்கி ஆஸ்பத்திரி தருவார்களாம். எண்ணினால் நான்கு பேர் குறைகிறது. கடைக்காரர்கள் விடுவார்களா?

"நாலே நாலு தலை, வாத்தியாரே! பெத்தா தரச் சொல்றோம்? எழுதத்தானே சொல்றோம்!"

எழுதினார். ஏரிக்கரையில் பாழாய்க் கிடந்த கடைசி வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார். வயதை யோசிக்கச் சோம்பல்... தன் வீட்டு வயதுகளையே போட்டுவிட்டார். ஆண் நாற்பத்தொன்று, பெண் முப்பத்தாறு, மகள் பன்னிரண்டு, மகன் ஏழு.

அந்த வீட்டைக் காலையில் பார்க்க வருவதாக அதிகாரி சொல்லி அனுப்பினார். பூட்டிக் கிடந்தால், வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சமாளிக்கலாம். அகாலத்தில் பூட்டுக்கு எங்கே போவது? தன் வீட்டுப் பூட்டையே எடுத்துக்கொண்டார்.

"சீக்கிரம் வந்துடுங்க. சின்னவன் இருமிக்கிட்டே இருக்கான்" என்றாள் மனைவி, மகன் நெஞ்சில் தைலம் தேய்த்தபடி.

கடைசி வீடு. இருட்டு. எலிப்புழுக்கை நாற்றம். கதவைச் சாத்தினார்... கொண்டியை மாட்டினார்... பூட்டை அழுத்தினார். டக்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

கதவிடுக்கில் தைல வாசனை.

"அம்மா... யாரும்மா வெளிய பூட்டுறது?"

அவர் மகனின் குரல்! சாவியைச் செருகினார். திரும்பவில்லை. கதவை அறைந்தார். அப்போது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்... நிதானமாக. அவருடைய குரலேதான்.

"எவனோ குடிகாரன். யாரும் கதவுகிட்டப் போகாதீங்க."

வீட்டுக்கு ஓடினார். வாசல் திறந்து கிடந்தது. அடுப்பில் ஒட்டடை. தரையில் கணுக்கால் அளவு தூசி. எலிப்புழுக்கை நாற்றம்.

காலையில் அதிகாரி ஏரிக்கரைக்கு வந்தார். கதவில் பூட்டு இல்லை. வாத்தியாரே சிரித்தபடி வரவேற்றார். "இங்கயே குடி வந்துட்டோம், சார்." நான்கு பேர், வயதும் சரி. பழைய வீட்டை 'காலி' என்று அடித்தார்கள். ஆக, மறுபடியும் நான்கு பேர் குறைவு. நகரமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கடைத்தெருவே திட்டித் தீர்த்தது. வாத்தியார் எதற்கும் சிரித்தார்.

தையற்காரர் ஒரே ஒரு ராத்திரி அங்கே தங்கியிருக்கிறார். பதினொன்றரைக்கு வெளியே யாரோ சாவி போடும் சத்தம்... கிரீச், கிரீச்... அப்புறம் மச்சான் குரலில் அழுகை. "நான்தாம்மா... என்னைத் தெரியலையா?"

மச்சான் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

அக்கா எழுந்தாள். கதவருகே நின்று, முழுதாகக் கேட்டாள். பிறகு தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு... வந்து படுத்துக்கொண்டாள்.