பூச்சி அரித்த பலகை

"அந்த வளைவு எனக்க தப்பாக்கும், மக்கா. அதப் போயி அந்தக் கிட்டார் கம்பெனிக்காரன் அவனுக்கதுன்னு சொல்லுதான்."

நெய்யாற்றின்கரையிலிருந்து காஞ்சிரங்குளம் போகும் பேருந்து. என் முன்னிருக்கையில் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே உறை போட்ட ஒரு பேஸ் கிட்டார். பேசியவர் அதைச் செய்தவர். மற்றவர் அதைத் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர். வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"பலாப்பலகையில ஒரு எடத்துல பூச்சி அரிச்சிருந்துது. அத வெட்டிக் கழிச்சதுல வந்த வளைவாக்கும்."

"அந்த வளைவால கழுத்துல கடைசிக் கட்டை வரைக்கும் கை லேசா எட்டுதுன்னு நான்தானே சொன்னேன், அண்ணே."

"திருவிழாவுல நீ வாசிச்சத அவன் பாத்தான். உடனே போயி அந்த வடிவத்த அவனுக்க பேருல பதிஞ்சிற்றான். அதுக்குப் பொறவு நான் செய்ததெல்லாம் காப்பியாம். வடிவம் அவனுக்கதுன்னு ஒப்புப் போட்டுக் குடுத்தா, அவனுக்க அனுமதியில செய்யலாமாம்."

"இது அவன் பதியுததுக்கு முந்தி செய்ததுதானே. கழுத்துக்கு அடியில பென்சிலால பேரும் தேதியும் எழுதுவியளே. வக்கீலு கழத்திப் பாத்தப்ப நான் வெளியில நின்னேன். எழுத்து உண்டா?"

செய்தவர் கிட்டாரின் உறையை இழுத்துச் சரிசெய்தார்.

"மத்த எல்லாத்திலயும் உண்டு. இதுல இல்ல."

"அதென்ன அண்ணே, இதுல மட்டும்?"

"பூச்சி அரிச்ச பலகை. பெழையாப் போன வேலையில எப்பிடி மக்கா எனக்க பேர எழுத?"