தாடி வளர்த்த தெரு

தலைமைப் பொறுப்பையும் சாய்வு நாற்காலியையும் ஒருங்கே ஏற்று வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மேடைக்கு மெருகூட்டும் மூத்த வணிகப் பெருமக்களே, கடையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பேச்சு முடிந்தால் தேநீர் என்பதற்காகவே பொறுமை காக்கும் பின்வரிசைப் பெரியோர்களே, இத்தெருவில் உங்கள் நாடி பிடித்து நரைத்துப்போன மருத்துவரின் பணிவான வணக்கம்.

'கடைத்தெருவும் சுகாதாரமும்' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். நான் குப்பையைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். குப்பையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொட்டியில் கிடக்கும் குப்பையை அல்ல, உங்கள் வாயில் கிடக்கும் குப்பையை.

போன மாதம் நம் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் காலமானார். அடுப்பிலிருந்து தட்டை இழுத்தவர், இழுத்த கையோடு சாய்ந்தார். ஓடிப்போய்ப் பார்த்தவள் நான். நாடி பார்த்தவள் நான். நெஞ்சில் குழல் வைத்து, கண்ணில் விளக்கடித்து, இதயம் நின்றுவிட்டது என்று உறுதி செய்தவள் நான். வெளியூரிலிருந்து மகள் வரவேண்டும் என்று உடலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அன்று மாலை நம் முடிதிருத்தும் நண்பர் அவருக்கு முகம் வழித்துவிட்டார். மறுநாள் காலை மரியாதை செய்ய வந்தவர், கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலில் வந்து சொன்னார். "நேத்து மழமழன்னு வழிச்சேன், இப்ப தாடி தெரியுதே."

தெரியுதே. சொன்ன சொல் அவ்வளவுதான். அந்தச் சொல் சாலையைக் கடந்து தையற்கடைக்குப் போனது. அங்கே அளவெடுத்து, வெட்டி, ஒட்டுப்போட்டு, "தாடி வளர்ந்திருக்காம்" என்று வெளியே வந்தது. மருந்துக்கடைக்குப் போனது: "வளருதுன்னா உயிர் இருந்திருக்கணுமே." பாத்திரக்கடைக்குப் போனது: "திருப்பிப் படுக்க வெச்சப்ப முனகினாராமே." பூட்டுக்கடையைத் தாண்டும்போது, "பொண்டாட்டியே உயிரோட புதைச்சுட்டா" என்று ஆகிவிட்டது. பூட்டுக்கடையிலும் அந்த வாய்க்கு ஒரு பூட்டுக் கிடைக்கவில்லை.

என்ன அறிவு, என்ன ஆராய்ச்சி! கழுத்துச் சுளுக்கினால் என்னிடம் வருகிறீர்கள், காய்ச்சல் வந்தால் என்னிடம் வருகிறீர்கள், செத்தவரைப் பற்றி மட்டும் தையற்கடையில் போய்க் கேட்பீர்களோ?

இறந்தபின் முடி வளராது ஐயா. வளர வேண்டுமென்றால் இரத்தம் ஓட வேண்டும். ஓட்டம் நின்றால் வளர்ச்சியும் நின்றது. தோல் காய்கிறது, சுருங்குகிறது, பின்வாங்குகிறது. உள்ளே ஒளிந்திருந்த முடி வெளியே தெரிகிறது. ஏரியில் தண்ணீர் வற்றினால் பாறை தெரியும். பாறை வளர்ந்துவிட்டது என்று ஊரைக் கூட்டுவீர்களா? என்ன கேட்கிறார் அந்தப் பெரியவர்? நகமா? நகமும் அதே கதைதான் ஐயா, விரல்தோல்தான் உள்வாங்குகிறது. முனகலா? நெஞ்சில் தங்கிய காற்று, உடலைத் திருப்பும்போது தொண்டை வழியே வெளியேறும். காற்றடைத்த தலையணையை அமுக்கினாலும் சத்தம் வரும். தலையணைக்கு உயிர் இருக்கிறது என்று யாரும் அதைத் தாலாட்டுவதில்லை.

இது போதாதென்று இன்னொன்று. பிணத்தைக் குளிப்பாட்டிய கையால் அவர் மனைவி மாவு பிசைகிறாராம், பிணத்தில் விஷம் ஊறுமாம், அந்த ரொட்டி ஆகாதாம். மாரடைப்பு மாவில் ஒட்டுமா? சோப்புப் போட்டுக் கழுவிய அந்தக் கை ஆகாது, மூக்கைச் சிந்திவிட்டு வந்து எனக்குக் கொடுக்கும் உங்கள் கை மட்டும் ஆகுமா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான்.

சென்ற வாரம் அந்த அம்மா என் மருத்துவமனைக்கு வந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, எனக்கு மருந்து வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மண்ணு போடும்போது அவருக்கு உயிர் இருந்துச்சா?"

"இல்லைம்மா" என்றேன்.

"என் பொண்ணு போன்ல கேக்குறா. அப்பா முனகினது உனக்குக் கேட்டுச்சாம்மான்னு. கேட்டுச்சே டாக்டரம்மா, நான்தானே அவரைத் திருப்பினேன். அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை. அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இந்த மேடை ஏறினேன்.

வாழ்நாளெல்லாம் ஒன்றாய் மாவு பிசைந்த மனுஷியிடம், உன் புருஷனை நீயே கொன்றாய் என்று சொல்வதற்கு உங்களுக்கு ஒரு கன்னத்து முடி போதுமாய் இருந்ததா? மகளையே தாயைச் சந்தேகிக்க வைத்தீர்களே, இதைவிடக் கொடிய விஷம் எந்தப் பிணத்தில் ஊறும்?

அதோ, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அந்த அம்மா நிற்கிறார். சங்கத்துக்கு என்று அவர் சுட்டு வந்த ரொட்டி அடுக்கியபடியே இருக்கிறது. பக்கத்துத் தட்டில் பிஸ்கட் தீர்ந்துவிட்டது. இவ்வளவு நேரமும் அந்த மேசையைப் பார்த்துத்தான் பேசினேன்.

அம்மா, இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். உங்கள் கணவர் அடுப்படியிலேயே இறந்துவிட்டார். நீங்கள் கேட்டது காற்று. அவர்கள் பார்த்தது காய்ந்த தோல். நீங்கள் புதைத்தது உடலை, உயிரை அல்ல. மகளுக்குப் போன் போடுங்கள், நானே பேசுகிறேன்.

முடிதிருத்தும் நண்பர் எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள்? "நான் வளர்ந்துச்சுன்னு சொல்லவே இல்லம்மா, தெரியுதுன்னுதான் சொன்னேன்." கேட்டீர்களா சபையோரே? அவர் கண்டதைச் சொன்னார். அப்படியானால் அந்தத் தாடியை வளர்த்தது யார்? தையற்கடை யாருடையது? குனியாதீர்கள் தலைவர் அவர்களே, கழுத்துச் சுளுக்கிக்கொண்டால் மறுபடி என்னிடம்தான் வரவேண்டும்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி, பொறுக்க முடியாமல் நெளிந்தவர்களுக்கு இன்னும் நன்றி. அந்த ரொட்டித் தட்டை மேடைக்கு அனுப்புங்கள். முதல் துண்டு தலைவருக்கு. ரொட்டியை நன்றாக மென்று விழுங்குங்கள் ஐயா. அப்புறம் இந்த ஒலிபெருக்கியில், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, மென்று விழுங்காமல் மன்னிப்புக் கேளுங்கள்.

வணக்கம்.