பாங்காங் ஏரியில் ஒரு குரூப் போட்டோ

சுற்றுலாக் குழு லடாக்கில் எங்கள் லே நகரத்துக்கு வந்து இறங்கினால் முதல் நாள் முழுக்கத் தூங்கவைத்துவிட வேண்டும், சார். இந்த உயரத்தில் அதுதான் மருந்து. அதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

இந்தக் கல்கத்தாக் குழு தங்கமான குழு. பதினைந்து பேர். பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும்தான். என் அரைகுறை வங்க மொழிக்கு அப்படிச் சிரித்தார்கள். தரஃப்தார் பாபு ஒருவர்தான் ஒட்டவில்லை. திக்சே புத்த மடத்தில் படிக்குப் படி உட்கார்ந்தார். எல்லாரும் வெயிலில் காத்து நின்றோம்.

மூன்றாம் நாள் காலை அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினால் நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம். பத்தொன்பது வருஷமாக வழிகாட்டி நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"ரிக்சின், தலை வெடிக்குதுப்பா. நான் ரூம்லயே இருந்துடட்டுமா?"

அவர் தங்கினால் மனைவி மிதாலி தீதி தங்குவார். தீதிக்காக அவர் தங்கைகள் இரண்டு பேரும். அப்புறம் டாக்டர், ஆஸ்பத்திரி. ஏரிப் பயணமே போச்சு.

"பூண்டு சூப் குடிங்க பாபு. ஏரியப் பாத்தா தலைவலி பறந்துடும்."

பாவம், நம்பினார்.

சாங் லா கணவாய் ஏறும்போது டிரைவர் நுர்பு என் காதருகே குனிந்தான். "ஆச்சோ, அண்ணே, இவரு தாங்கமாட்டாரு. வண்டியத் திருப்பட்டுமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

தீதி ஆக்சிஜன் கேட்டார். "தீந்துபோச்சு தீதி, கீழ போய் மாத்திக்கலாம்" என்றேன். நிறைந்த சிலிண்டர் என் காலடியில்தான் இருந்தது. அதன் மேல் என் ஜாக்கெட்டைப் போட்டு மூடியிருந்தேன். சிலிண்டரை எடுத்தால் எல்லாருக்கும் பயம் வந்துவிடும். பயந்த குழுவை வைத்துக்கொண்டு எதையும் ரசிக்க முடியாது.

ஏரி கண்ணில் பட்டதும் பஸ்ஸே கூச்சலிட்டது. அதற்கு முந்தைய வளைவிலேயே பாபுவின் மூச்சு நின்றுவிட்டது. கையைத் தொட்டுப் பார்த்தேன். தொப்பியை இழுத்து முகத்தை மூடினேன்.

"இப்பத்தான் அசந்து தூங்குறாரு தீதி. எழுப்பாதீங்க, நீங்க வாங்க."

ஒரு மணி நேரம் அவர்களை விட்டுவிட்டேன். நூடுல்ஸ், தேநீர், தண்ணீரில் கால் நனைப்பு, குரூப் போட்டோ எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தப் போட்டோவையும் அதோடு சேர்த்து வையுங்கள். நடுவில் நிற்பது மிதாலி தீதி. எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார், பாருங்கள்.