மேர்லினின் தாழ்ப்பாள்

திருமணம் என்பது வானகத் தந்தையின் முன்னிலையில் இரண்டு ஆன்மாக்கள் ஒன்றாகும் புனித உடன்படிக்கை. தன்னாமுனையில் கலியாணத்துக்கு ஆயத்தமாகும் சோடிகளுக்கு ஜெயராஜா சேராகிய நான் இப்படித்தான் வகுப்பைத் தொடங்குவேன். முடிவில் குடிக்கப் பிளேன்டியும் கடிக்க ரோல்ஸும் கொடுப்பார்கள். ரோல்ஸ் என் மனைவி மேர்லின் பொரிப்பது.

எழுதிக்கொள்ளுங்கள், பொலிஸ் மிஸ். மேர்லினின் முறைப்பாட்டில் பொய் எதுவுமில்லை. கூடிவாழும் புருசன் பெண்சாதிக்குள் இதற்குச் சட்டம் பெயர் வைக்கவில்லை என்று கேள்வி. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன்.

போன மாசி மாத வகுப்பில் டினுஷா என்ற கலியாணப் பெண் கையை உயர்த்தினாள். "சேர், மனிசிக்கு விருப்பமில்லாட்டி என்ன செய்யிற?"

"அல்தாரடியில ஓம் எண்டா, மகள், அது சாகுமட்டும் ஓம்தான். மறுகா மறுகா கேக்க அது என்ன, சோறு போடட்டா எண்டு கேக்கிற கதையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோல்ஸ் தட்டோடு நின்ற மேர்லின் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு அவளுக்குக் குறைவு. பதினாறு வருடமாகப் பொறுத்துக்கொள்கிறேன்.

அடுத்த கிழமை மரவேலை ஓடாவியைக் கூப்பிட்டு, படுக்கையறைக் கதவின் உட்புறம் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று அடிப்பித்தாள். வீடு அவளுடைய சீதனம். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். பெண்களுக்குச் சமத்துவம் இல்லை என்பவர்கள் அந்த உறுதிப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். நான் ஹோலில் பாய் விரித்தேன். வகுப்பு எடுக்கும் மனிதன், ஹோலில்.

ஞாயிறு அவள் பூசைக்குப் போனபோது தாழ்ப்பாளைக் கழற்றினேன். மரத்துக்குச் சேதமில்லாமல்.

அன்றிரவு அவள் வேணாம் என்றாள். பிறகும் சொன்னாள். "எனக்கு ஏலா, விடுங்க." அலுப்பில் பெண்கள் சொல்வதுதான். அழுதபோது, பிள்ளைகள் எழும்பக்கூடாதே என்று மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்; வாயையும் பொத்தினேன். தகப்பனின் பொறுப்பு என்று அதை எழுதுங்கள். கையில் கடித்தாள். அந்தக் காயத்தைப் பற்றி இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

விடிந்ததும் என் பேக் வாசலில் இருந்தது. "இது எண்ட வீடு," என்றாள். "வகுப்பெடுக்கிறெண்டா றோட்டில நிண்டு எடுங்க." சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது நாவற்குடாவில் ஒரு வாடகை அறை. வீட்டுக்காரரின் தம்பி குடிவெறியில் நினைத்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் கட்டிலில் இருப்பார். வேண்டாம் என்றால் சிரிக்கிறார். ஒரு மனிதனின் சொல்லுக்கு மரியாதை தெரியாத சனம்.

மேர்லினின் தாழ்ப்பாள் என் பேக்குக்குள் கிடந்தது. அதைக் கதவின் உட்புறம் அடித்து, இரவில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.